ஏலக்காரர் போட்ட ரேஷன் குமாஸ்தா வேஷம்

என் தம்பியை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. மூணு தரம் என்றால்தான் ஆளைக் காட்டுவார்கள். பழைய சாமான்கள் விற்கிற ஏலக் கொட்டகையில் ஏலம் கூவுகிற வேலை அவனுக்கு. “ஒரு தரம், ரெண்டு தரம்” என்று இழுத்துவிட்டு மூன்றாவதுக்கு முன்னால் ஒரு மூச்சு நிறுத்துவான். அந்த மூச்சில் கடைசி வரிசைக்காரனுடைய கை தன்னால் மேலே போய்விடும். வீட்டுக்குப் போன பிறகுதான் அவன் பெண்டாட்டி கேட்பாள், இந்தக் கால் ஆடுகிற மேஜையை எதற்குத் தூக்கிக்கொண்டு வந்தாய் என்று.

கூவும்போது தம்பி சரக்கைப் பார்க்க மாட்டான். எதிரில் நிற்கிற முகங்களைத்தான் பார்ப்பான். ஒரு முகம் கொஞ்சம் இளகினால் போதும், சரக்கின் கதையை ஒரு பிடி கூட்டுவான். சாதாரண நாற்காலி என்று ஆரம்பித்திருப்பான். முகம் இளகினால் அதில் ஒரு நீதிபதி உட்கார்ந்திருப்பார். இன்னும் இளகினால் அந்த நீதிபதி அதில் உட்கார்ந்தபடியே உயிரை விட்டிருப்பார்.

“ஏண்டா இப்படிப் பொய் சொல்ற?” என்று ஒரு தடவை கேட்டேன்.

“பொய் இல்லக்கா, ஏத்தம். கதை ஏறினாத்தான் விலை ஏறும்” என்றான்.

அவனுக்குப் பெண் கொடுத்தவர் எங்கள் அத்தை. கூடப் பிறந்த அத்தை இல்லை, எங்கள் அப்பாவுடைய சித்தப்பா மகள். வேறு ஊரில் வளர்ந்தவர். அத்தைக்கு மூத்தது மகள், இளையது மகன். மகளைத் தம்பிக்குக் கட்டிக்கொடுத்தார். மாமா காலமானபின் நாலு நாள் இருந்துவிட்டுப் போகலாம் என்று மகள் வீட்டுக்கு வந்தவர், அங்கேயே தங்கிவிட்டார். மகன் வீடு மூன்றாவது மாடியில். அத்தைக்கு முழங்கால் வலி. அதைவிடப் பெரிய வலி மருமகள். ரெண்டு பேரும் ஒரே அடுப்படியில் ஒரு வாரம் தாங்க மாட்டார்கள். அதனால் அத்தைக்கு வீடு என்றால் தம்பி வீடுதான்.

மாமியாரும் மருமகனும் அப்படி ஒட்டிக்கொண்டதை எங்கள் சொந்தத்தில் வேறு எங்கும் நான் பார்த்ததில்லை. அத்தைக்குப் பிரம்பு பின்னத் தெரியும். ஏலத்தில் போகாத கிழிந்த நாற்காலிகளைத் தம்பி வீட்டுக்குக் கொண்டுவருவான். பிரம்பை வாளித் தண்ணீரில் ஊறப்போட்டுவிட்டு ரெண்டு பேரும் பின்தாழ்வாரத்தில் உட்கார்ந்துவிடுவார்கள். அத்தை மேலிருந்து துளைக்குள் விடுவார். தம்பி நாற்காலிக்கு அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு கீழிருந்து இழுத்துக் கொடுப்பான். பேச்சுக்குக் குறைவே இருக்காது.

“மாப்பிள்ளை, உங்க வாயை ஒருநாள் ஏலத்துல விடணும்.”

“எடுக்க ஆள் வேணுமே அத்தை.”

“எடுத்தவன் மறுநாளே கொண்டுவந்து போட்டுட்டு, மன்னிப்பும் கேட்டுட்டுப் போவான்.”

இப்படித்தான் ஒரு மழை நாளில், பின்னிக்கொண்டிருக்கும்போது, அத்தை தன் சின்ன வயதில் நடந்த பெரிய சண்டைக்காலத்துச் சங்கதி ஒன்றைத் தம்பியிடம் சொன்னார். எனக்கு இது பிற்பாடு தெரிந்ததுதான். ஆனாலும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் மற்றது விளங்கும்.

அத்தைக்கு ஒரு தம்பி பிறந்து, கைக்குழந்தையாகவே தவறிப்போய்விட்டான் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். சண்டை முடிந்த கையோடு செத்துப்போனான் என்று எங்கள் அப்பா சொல்வார். நிஜத்தில் அவன் செத்தது அதற்குப் பல மாதம் முன்னால். அத்தையின் அப்பா போர்முனையில். வீட்டில் நோயாளி அம்மா, பத்து வயதுப் பெண்ணாக அத்தை, அந்தக் குழந்தை. கைக்குழந்தை உள்ள வீட்டுக்கு மாதம் ஒரு டப்பா பால்பவுடர் ரேஷனில் கொடுத்தார்கள். இல்லாத பிள்ளைக்குப் பெயர் கொடுத்து வாங்குகிறவர்கள் இருந்ததால், ஒவ்வொரு மாதமும் பிள்ளையைத் தூக்கிவந்து காட்ட வேண்டும். ஒரு காய்ச்சலில் பிள்ளை போய்விட்டது. வெளியே சொன்னால் டப்பா நின்றுவிடும். அந்த டப்பாவை நம்பித்தான் மற்ற ரெண்டு உயிரும் இருந்தன. அம்மா யாருக்கும் தெரியாமல் வீட்டுக்குப் பின்னால் அடக்கம் செய்தார். அடுத்த மாதம் ஒரு தலையணையைப் பிள்ளையின் போர்வையில் சுற்றி, மேலே குல்லாவை வைத்து, அத்தை கையில் கொடுத்து அனுப்பினார். கூட வந்தால் அழுதுவிடுவோம் என்று அவர் வரவில்லை.

குமாஸ்தா நிமிர்ந்து பார்க்கவில்லையாம். முத்திரையைக் குத்திக்கொண்டே, “சத்தமே காணோம், சமத்துப் பிள்ளை” என்றாராம்.

“எனக்கு அப்ப சந்தோஷமா இருந்துச்சு மாப்பிள்ளை,” என்றிருக்கிறார் அத்தை. “என் தம்பியைச் சமத்துன்னு ஒருத்தர் சொல்லிட்டாரேன்னு.”

திரும்பி வருகிற வழியில் பசி தாங்காமல் ஒரு சுவருக்குப் பின்னால் உட்கார்ந்து டப்பாவைத் திறந்து, விரலால் தொட்டு நக்கியிருக்கிறார். நக்கும்போது மடியில் இருந்த தலையணையைப் பார்த்துக் குற்றமாக இருந்ததாம். அதன் வாய் இருக்கவேண்டிய இடத்தில் கொஞ்சம் பவுடரைத் தடவி, “உனக்கும் இந்தா” என்றாராம். வீட்டுக்குப் போனதும் அம்மா அந்த வெள்ளைத் தடத்தைப் பார்த்தார். துடைத்தார், அவ்வளவுதான்.

“என் மக கிட்டகூட இதைச் சொன்னதில்ல. உங்களோட இருக்கட்டும்,” என்றார் அத்தை.

“இருக்கும் அத்தை,” என்று நாற்காலிக்கு அடியிலிருந்து தம்பி சொல்லியிருக்கிறான்.

அடுத்த வருஷம் அந்தப் போர் முடிந்த அறுபதாவது ஆண்டு வந்தது. எங்கள் நூலகத்தில் ஒரு வாரம் நினைவு நிகழ்ச்சி வைத்தார்கள். படம் மாட்டி, பேச்சு வைத்து முடிக்காமல், நூலகர் புதிதாக ஒன்று செய்தார். கண்ணாடி போட்ட இளவயதுப் பெண், நல்ல சுறுசுறுப்பு. ‘உயிர்ச் சித்திரம்’ என்று பெயர் வைத்தார். வாசிப்பு மேஜைகளை ஓரம் கட்டி, அலமாரிகளுக்கு நடுவே அந்தக் காலத்து ஆட்களாக வேஷம் போட்டு நிற்க வைத்தார். செய்தித்தாள் மேடைக்குப் பக்கத்தில் வானொலி வாசிப்பவர், மாடிப்படிக்குக் கீழே குண்டுக்குப் பயந்து பதுங்கிய தாய், சன்னலோரம் செவிலி. எல்லோரும் பொம்மை மாதிரி அசையாமல் நிற்க வேண்டும். முன்னால் ஒரு மேஜைமணி இருக்கும். வந்தவர் அதைத் தட்டினால் பொம்மைக்கு உயிர் வந்து தன் கதையைச் சொல்லும். முடிந்ததும் மறுபடி பொம்மை.

குரல் உள்ள ஆள் வேண்டும் என்று தம்பியைக் கூப்பிட்டார்கள். அவன் சிப்பாய் வேஷம் கேட்டான்.

“சார், இந்த வயித்தோட எந்தச் சிப்பாயும் அந்தச் சண்டையில இருந்திருக்க மாட்டாரு,” என்று சொல்லிவிட்டாராம் நூலகர். மருந்துக்கடைக்காரர் மகன் சிப்பாய் ஆனான். தம்பிக்கு ரேஷன் குமாஸ்தா.

கறுப்புக் கோட்டு, தொப்பி, மேஜை, முத்திரைக்கட்டை எல்லாம் கொடுத்தார்கள். சொல்வதற்குக் கொடுத்ததுதான் சப்பென்று இருந்தது. ஆளுக்கு எவ்வளவு சர்க்கரை, எவ்வளவு மாவு, வரிசை எங்கே வரைக்கும் நின்றது, அவ்வளவே. முதல் நாள் மணியைத் தட்டினவர்கள் பாதியிலேயே சிப்பாய் பக்கம் நகர்ந்தார்கள். கொட்டகையில் ஒருவர் நகர்ந்தாலே தம்பிக்குத் தண்ணீர் இறங்காது. இங்கே ஊரே நகர்ந்தது.

ரெண்டாம் நாள் ஒரு அம்மாள் தன் மகளோடு வந்து மணியைத் தட்டினார். சர்க்கரையைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அந்த அம்மாளுடைய கண் சிப்பாயைத் தேடியது.

“வாய் தன்னால போயிடுச்சுக்கா,” என்று பிற்பாடு என்னிடம் சொன்னான். “‘ஒருநாள் ஒரு சின்னப் பொண்ணு ஒரு குழந்தையைத் தூக்கிட்டு வந்தா’ன்னு ஆரம்பிச்சிட்டேன். அந்தம்மா திரும்பிட்டாங்க. அப்புறம் எப்படி நிறுத்தறது?”

முதல் தடவை ரெண்டு வாக்கியத்தில் முடித்தானாம். மறுதடவை குமாஸ்தாவுக்கு விஷயம் தெரிந்திருந்தது, தெரிந்தும் முத்திரை குத்தினார். அதற்கு மறுதடவை குமாஸ்தா கண்கலங்கினார். சாயங்காலத்துக்குள் தன் வீட்டுச் சர்க்கரையையும் அந்தப் பெண்ணுக்குக் கொடுத்துவிட்டார். முகங்கள் இளக இளகக் கதை ஏறியது. அழ வைப்பதற்கு முன்னால் ஒரு தரம் சிரிக்க வைத்துவிட்டால் அழுகை இரட்டிப்பாக விலைபோகும் என்பது ஏலக்காரனுக்குத் தெரியும். அதனால் குமாஸ்தா அந்தப் பெண்ணின் பின்னாலேயே போய்ச் சுவரோரம் எட்டிப் பார்ப்பதாக ஒன்றைச் சேர்த்தான். ஒரு தலையணையை மடியில் வைத்துக்கொண்டு, விரலை நக்கி, சின்னப் பெண் குரலில் “உனக்கும் இந்தா” என்று நடித்துக் காட்டினான். கூட்டம் சிரித்தது. சிரித்து முடிக்கும் முன் அழுதது.

நூலகர் ஆடிப்போய்விட்டார். வாசலில் பெரிய பலகை வைத்தார், ரேஷன் குமாஸ்தாவைப் பார்க்கத் தவறாதீர்கள் என்று. சிப்பாயிடம் மணி தட்ட ஆளில்லை.

வீட்டில் தம்பி ஒன்றும் சொல்லவில்லை. அத்தை நாமும் போய்ப் பார்க்கலாமா என்று கேட்டபோதெல்லாம், “அங்க நிக்க இடமில்ல அத்தை, உங்க கால் தாங்காது” என்று தட்டிக்கழித்தான்.

“கூச்சப்படறாரு,” என்று அத்தை என்னிடம் சிரித்தார். “வாயை வச்சு ஊரை வித்தவருக்கு மாமியார் முன்னால கூச்சம். வாம்மா, சொல்லாமப் போய்ப் பார்ப்போம்.”

நான்தான் அழைத்துப் போனேன். தம்பி பெண்டாட்டியும் வந்தாள். அத்தை நல்ல சால்வையைப் போட்டுக்கொண்டு வந்தார். வழியில் பார்த்தவர்களிடம் எல்லாம் “எங்க மாப்பிள்ளை நடிக்கிறாரு” என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

உள்ளே நுழையும்போதே கூட்டத்தின் சிரிப்புச் சத்தம். அத்தையும் என்னவென்று தெரியாமலே கூடச் சிரித்துக்கொண்டு முன்னால் எட்டிப் பார்த்தார். தம்பி மடியில் தலையணை. விரல் வாயில். “உனக்கும் இந்தா” என்றான், கீச்சுக் குரலில்.

அத்தையின் முகத்தில் சிரிப்பு போகவில்லை. போக வழி தெரியாமல் அங்கேயே நின்றது. என் கையைப் பிடித்திருந்தவர் விட்டுவிட்டார். தம்பி எங்களைப் பார்க்கவில்லை. குமாஸ்தா அழுதார், ஜனங்கள் அழுதார்கள், கைதட்டினார்கள். கதை முடிந்து அவன் பொம்மையாக நின்றான். கூட்டம் கொஞ்சம் விலகியது. அத்தை நேராகப் போய் அவன் மேஜைக்கு முன்னால் நின்றார்.

மணி தட்டினால்தான் அவன் அசையலாம். அத்தை தட்டவில்லை. அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அவன் கண் ஒருமுறை துடித்தது, கன்னம் நடுங்கியது. பக்கத்தில் ஒருவர், “தட்டுங்கம்மா, பேசுவாரு” என்றார். அத்தை அவரைப் பார்த்து, “இல்லப்பா, கேட்டாச்சு” என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார்.

வீட்டுக்கு வந்து பையை எடுத்துத் துணிகளை மடித்து வைத்தார். தம்பி கோட்டுகூடக் கழற்றாமல் ஓடிவந்தான்.

“அத்தை, பேர் சொல்லல. யாருன்னு ஒருத்தருக்கும் தெரியாது.”

“எனக்குத் தெரியுமே மாப்பிள்ளை.”

“தப்புதான். திட்டுங்க. போகாதீங்க.”

“திட்டி என்ன ஆகப்போகுது? அவங்க சிரிச்சாங்க. நீங்க சிரிக்க வச்சீங்க.” பை வாயை இழுத்துக் கட்டினார். “என் மகன் வந்து கூட்டிட்டுப் போறேன்னு சொல்லிருக்கான்.”

தம்பி பெண்டாட்டி அம்மாவைத் தடுக்கவில்லை. அவளுக்கும் அங்கேதான், கூட்டத்தோடு கூட்டமாக நின்று அம்மாவின் முகத்தைப் பார்த்தபோது, அது தன் அம்மாவின் கதை என்று தெரிந்தது. புருஷனைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

“எங்கிட்ட சொல்லாததை உங்ககிட்ட சொன்னாங்களே, அதுக்கு என்ன அர்த்தம்னு யோசிச்சீங்களா?”

அவன் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றான்.

மறுநாள் கடைசி நாள். ஏதோ பெரிய அதிகாரி வருகிறார், குமாஸ்தா கட்டாயம் இருக்க வேண்டும் என்று நூலகர் ஆள் அனுப்பினார். போகமாட்டான் என்று நினைத்தேன். குளித்து, கோட்டைப் போட்டுக்கொண்டு கிளம்பினான்.

“என்னடா செய்யப்போற?”

“சரக்கைத் திரும்ப எடுக்கப்போறேன்,” என்றான்.

கூடவே போனேன். அதிகாரி மாலையும் கழுத்துமாக வந்து மணியைத் தட்டினார். சுற்றிலும் ஜனம். முந்தின நாள் கேட்டவர்களே அக்கம்பக்கத்தாரை அழைத்துக்கொண்டு மறுபடி வந்திருந்தார்கள். தம்பி தொப்பியைக் கழற்றி மேஜையில் வைத்தான்.

“இத்தனை நாள் நான் சொன்னது கட்டுக்கதைங்க. அப்படி ஒரு பொண்ணும் இல்ல, குழந்தையும் இல்ல. கூட்டம் நிக்கணும்னு நானா கட்டினது.”

முதலில் அதுவும் நடிப்பு என்று நினைத்தார்கள். அவன் சும்மா நிற்பதைப் பார்த்த பிறகுதான் விளங்கியது. நூலகர் முகம் வெளிறி, “சார், என்ன சார் இது” என்றார். ஒரு அம்மாள், “செத்த குழந்தையை வச்சா விளையாடுவீங்க? நான் வீட்டுக்குப் போயும் அழுதுட்டிருந்தேன்” என்றார். பின்னாலிருந்து ஒருவன், “மூணு தரம் நம்மளையே வித்துட்டான்பா” என்றான். அதிகாரி சிப்பாய் பக்கம் நகர்ந்தார். தம்பி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றான். கோட்டை மடித்து நாற்காலியில் வைத்துவிட்டு வெளியே வந்தான். வாசலில் அந்தப் பலகையை ஒரு பணியாளர் ஏற்கெனவே திருப்பிவைத்துக்கொண்டிருந்தார்.

தெருவில் வந்ததும் என்னிடம், “எம்பேரு போச்சுக்கா. போகட்டும். இனிமே அந்தக் கதையை எவனும் நம்ப மாட்டான். அத்தைக்கு இனிக் கவலை இல்ல” என்றான். அவன் முகத்தில் கொஞ்சம் தெளிவுகூட வந்திருந்தது. நேரே மச்சான் வீட்டுக்கு நடந்தான். நானும் மூன்று மாடி ஏறினேன்.

அத்தை சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவே ஒரு முக்காலியில், யாருக்கும் இடைஞ்சல் ஆகாத மாதிரி உட்கார்ந்திருந்தார். தம்பி தரையில் உட்கார்ந்து நடந்ததை எல்லாம் சொன்னான். ஏற்றாமல், இறக்காமல் சொன்னான்.

“எல்லாரும் காறித் துப்பாத குறை அத்தை. பரவால்ல. பொய்யின்னே ஆயிடுச்சு. முடிஞ்சுது,” என்றான்.

“குழந்தை இல்லேன்னா சொன்னீங்க?”

“ஆமா அத்தை. அப்படி ஒரு குழந்தையே இல்லேன்னு சொல்லிட்டேன்.”

அத்தை தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார்.

“அன்னைக்கு அந்தக் குமாஸ்தா முன்னால, இல்லாதவனை இருக்கான்னு காட்டினேன். சின்னப்பொண்ணு, பசி, செஞ்சேன். நீங்க இன்னைக்கு ஊர் முன்னால, இருந்தவனை இல்லேன்னு சொல்லிட்டு வந்திருக்கீங்க.”

“உங்களுக்காகத்தான் அத்தை…”

“எனக்காக யாரு பேசச் சொன்னா? முதல்லயும் சொல்லல. இப்பவும் சொல்லல.” கோபமாகச் சொல்லவில்லை. களைப்பாகச் சொன்னார். “அவன் ஏழு மாசம் இருந்தான் மாப்பிள்ளை. உட்கார ஆரம்பிச்சிருந்தான். போங்க, உங்க வீட்டுல தேடுவாங்க.”

படி இறங்கும்போது தம்பி ஒவ்வொரு மாடியிலும் நின்று நின்று இறங்கினான். நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் அழுதுவிடுவான் என்று தெரியும். அழுதால் நானும் அழுவேன். தெருவில் போகிறவர்கள் ஒருவேளை அதையும் நடிப்பு என்பார்கள்.

கொட்டகையில் அவனை வேலையை விட்டு எடுக்கவில்லை. ஆனால் அவன் ஒரு பழைய கடிகாரத்தைத் தூக்கிக் காட்டி வாயைத் திறந்தாலே, யாராவது ஒருவர் “இதுவாவது நிஜமா?” என்று கேட்பார். எல்லோரும் சிரிப்பார்கள். அவனும் தலையைக் குனிந்துகொண்டு நிற்பான். அந்தச் சிரிப்பு தனக்கு வேண்டியதுதான் என்று என்னிடம் சொல்லியிருக்கிறான்.

அத்தை திரும்பி வரவில்லை. முழங்காலையும் மருமகளையும் பொறுத்துக்கொண்டு அந்த முக்காலியிலேயே இருந்தார். தம்பி விடுமுறை நாள் தவறாமல் நாற்காலிச் சட்டங்களைத் தோளில் தூக்கிக்கொண்டு மூன்று மாடி ஏறினான். முதல் சில தடவை அத்தை வாங்கிவைத்துக்கொண்டு அனுப்பிவிட்டார். பிறகு உட்காரச் சொன்னார். பிறகு பின்னவும் ஆரம்பித்தார்கள். வெங்காயம் என்ன விலை, மகளுக்கு இருமல் எப்படி, கொட்டகைக் கூரை ஒழுகுகிறதா, எல்லாம் பேசுவார்கள். மரியாதைக்கு ஒரு குறையும் வைக்கவில்லை.

ஒரு நாள் நானும் கூடப் போயிருந்தேன். தம்பி நாற்காலிக்கு அடியில். அத்தை மேலே. பிரம்பை விட்டுக்கொண்டே அத்தைக்கு ஏதோ ஞாபகம் வந்து முகம் மலர்ந்தது.

“எங்கம்மா ஒரு தடவை என்ன செஞ்சாங்க தெரியுமா…”

என்று ஆரம்பித்தவர் சட்டென்று நிறுத்தினார். அடியில் பிரம்பைப் பிடித்திருந்த தம்பியின் கையும் நின்றது. அத்தை சன்னல் பக்கம் பார்த்தார்.

“மழை வரும்போல இருக்கு. சீக்கிரம் கிளம்புங்க மாப்பிள்ளை,” என்றார்.

“சரி அத்தை,” என்றான் அவன். அடியிலிருந்து எழுந்து வந்து, பாதி பின்னிய நாற்காலியைச் சுவரோரம் சாய்த்துவைத்தான்.